செல்வராணி வங்குரோத்து ஆன கதை

மனு எழுதுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கான மாதிரிகள் கணினியில் கிடக்கின்றன, பெயரையும் விலாசத்தையும் மாற்றினால் போதும். ஹட்டனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடன்பட்ட குடும்பங்களுக்கு உதவும் மேசையில் இனி நீங்கள் உட்காரப் போகிறீர்கள். "மிஸ், உங்க அனுபவத்துல இருந்து ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் இதமாகச் சொல்ல எனக்கு வராது. இந்த விஷயத்தில் வாயைத் திறந்தாலே கோபம்தான் முதலில் வருகிறது. வரட்டும், கோபப்படவும் ஆள் வேண்டும்.

நம்முடைய நாடே வங்குரோத்து ஆனதே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள், மண்ணெண்ணெய் வரிசையில் கேனோடு நின்றிருப்பீர்கள். பெரிய மனிதர்கள் கோட்டும் சூட்டும் மாட்டிக்கொண்டு விமானம் ஏறிப் போய், "எங்களால் கட்ட முடியாது, கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்" என்று கேட்டார்கள். அதற்குக் கடன் மறுசீரமைப்பு என்று ஒரு அழகான பெயர் வைத்தார்கள். அதே வார்த்தையை ஹட்டனில் வாடகை அறையில் குடியிருக்கும் ஒரு தையல்காரி சொன்னால் மட்டும் அவள் ஏமாற்றுக்காரியாம், குடும்ப மானத்தை வாங்கினவளாம். இதைக் கேட்டு உங்களுக்கு வயிறு எரியாவிட்டால் தயவுசெய்து வேறு வேலை பாருங்கள்.

அந்தத் தையல்காரியின் பெயர் செல்வராணி. டயகம பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அந்த லயத்து வரிசை வீட்டிலேயே கல்யாணமும் முடித்தவள். மகள் உயர்தரம் படிக்க வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தோடு ஹட்டனுக்கு வந்து, கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கணவர் முருகையா பேக்கரியில் மா பிசைந்தார். இவள் பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். மா விலை ஏறிப் பேக்கரி மூடிய பிறகுதான் எல்லாம் தலைகீழானது. தையல் மெஷினுக்கு எடுத்திருந்த கடனைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன், அதைக் கட்ட மூன்றாவது கம்பனியில் கடன். முதல் கடன் இருப்பது இரண்டாவது கம்பனிக்குத் தெரியும், முதலிரண்டும் இருப்பது மூன்றாவதுக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கும்போது "அக்கா, அக்கா" என்று குழைந்தவர்கள், வசூலுக்கு வந்தபோது "இந்தாம்மா" என்று கூப்பிட்டார்கள்.

அவள் முதல் தடவை எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று நல்ல மழை. கணவர் வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் மட்டும் உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"உக்காருங்க."

"பரவால்லங்க மிஸ். நனைஞ்சிருக்கேன், கதிர நனைஞ்சிரும்."

"கதிர காயும். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே வந்தேன். வசூல்காரர் ஒருவர் வாரா வாரம் மோட்டார் சைக்கிளில் வருவாராம். டை கட்டியிருப்பாராம். காசு இல்லை என்றால் போக மாட்டாராம், அறைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வாராம். அந்த ஆள் எதிரில் இருக்கும்வரை மகள் படிக்க இடமில்லாமல் பின்பக்கம் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் புத்தகத்தோடு நிற்பாளாம்.

"உக்காந்து என்ன செய்வாரு?"

"ஒண்ணும் செய்ய மாட்டாருங்க. போன் பாப்பாரு. பிளேன்டீ குடிப்பாரு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "பிளேன்டீயா? யாரு குடுத்தது?"

"நான்தாங்க மிஸ். வீட்டுக்கு வந்து உக்காந்த மனுசனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காம எப்புடி? சீனி இல்லாதப்ப பக்கத்து அறையில வாங்கிக் குடுப்பேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குடும்பத்தை அவமானப்படுத்துவதற்காக உட்கார்ந்திருக்கிறவன், அந்தக் குடும்பம் இரவல் வாங்கிய சீனியைப் போட்டுத் தேநீர் குடிக்கிறான்! அதுவும் இந்த மலையில் பறித்த தேயிலையில்! "அடுத்த தடவ வந்தா பச்சத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது" என்று கத்திவிட்டேன். செல்வராணி பாவம், என்னைப் பார்த்துப் பயந்துபோனாள். கோபத்தை யாரிடம் காட்டக்கூடாதோ அவர்களிடம் காட்டுவது என் பழக்கம், அதை மட்டும் என்னிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டாம்.

அவளுக்கு இருந்த ஒரே வழி, இனிக் கட்ட முடியாது என்று மாவட்ட நீதிமன்றத்தில் சொல்லிப் பாதுகாப்புக் கேட்பது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது. எங்கள் சட்டத்தரணி ஐயா அதைத் தூசி தட்டித்தான் எடுத்தார். "இதுக்குப் பேரு வங்குரோத்துதானேங்க மிஸ்?" என்று கேட்டாள் செல்வராணி. "அப்புடி எழுதாதீங்க. மக பேரும் கெட்டுரும்."

"கோட்டுப் பாஷையில கடன் இறுக்க வகையற்றவர்னு எழுதுவோம்."

வாய்க்குள்ளேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "இது பரவால்லங்க. கொஞ்சம் மரியாதயா இருக்கு."

பிறகு அவளுக்கு ஒரு கட்டளை போட்டேன். மனுப் போடும்வரை எதையும் விற்கக் கூடாது, எதையும் ஒளிக்கக் கூடாது, யாருக்கும் தனியாகக் காசு கொடுக்கக் கூடாது. அவர்களிடம் இருந்த சொத்து இரண்டே இரண்டு. ஒன்று தையல் மெஷின். மற்றது வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்த அட்வான்ஸ். வாடகைக் குடும்பத்துக்கு அட்வான்ஸ்தான் கூரை. அது இருக்கும்வரை வீட்டுக்காரர் சட்டென்று வெளியே போ என்று சொல்ல மாட்டார். மகளின் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதுவரைக்குமாவது அந்த இரண்டு அறைகள் கையைவிட்டுப் போகக் கூடாது. நாங்கள் காப்பாற்ற நினைத்தது அதைத்தான். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். பிள்ளைகளே, நம்முடைய சனங்கள் மேசைக்கு முன்னால் தலையாட்டினால் விளங்கிவிட்டது என்றோ சம்மதம் என்றோ நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தில் பரம்பரை பரம்பரையாக, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று தலையாட்டிப் பழகியவர்கள் நாங்கள். மேசைக்குப் பின்னால் யார் இருந்தாலும் தலை தானாக ஆடும்.

சில நாள் கழித்து வீட்டுக்காரரே என்னைத் தேடி வந்தார். ஹனீபா நானா, கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் நேராக எடுத்துக்கொள்கிறவர்.

"மிஸ், அந்த டை கட்டின ஆளு கடைக்கே வந்துட்டான். செல்வராணியோட அட்வான்ஸத் தன்கிட்ட குடுத்துரச் சொல்றான். குடுக்கலன்னா என்னையும் கோட்டுக்கு இழுப்பானாம். அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது நானா. அவன் கேட்டா அடிச்சுத் துரத்துங்க. வேற யாருக்கும் அந்தக் காசக் குடுக்காதீங்க."

"சரி, வேற யாருக்கும் குடுக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனுவில் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. ஒரு கம்பனி ஏற்கெனவே தன் வழக்கில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போக உத்தரவு கேட்டிருந்தது. அன்றைக்கு மனுவைப் போட்டே ஆக வேண்டும். ஐயா கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் மனுவோடு கொடுக்கும் சத்தியக் கடதாசியை வாசித்துக் காட்டுகிறேன். "வீட்டு உரிமையாளரிடம் உள்ள முற்பணம்" என்ற இடம் வந்ததும் செல்வராணி மெதுவாகச் சொன்னாள்.

"அது இப்ப இல்லீங்க மிஸ்."

"இல்லன்னா?"

"நேத்து நானாகிட்ட வாங்கிட்டேன். மாசக் கடைசியில வீட்ட விட்டுருறோம்னு சொல்லிட்டேன். காசக் காளியக்காகிட்ட குடுத்துட்டேன்." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு. "இன்னிக்குத்தாங்க மிஸ் நல்லாத் தூங்கி எந்திரிச்சேன்."

என் தலையில் யாரோ அம்மிக் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. அந்தக் காளியக்கா யார் என்று கேட்டேன். பெயர் காளியம்மாவாம். அவளுடைய பழைய லயத்தில் சீட்டுப் பிடிக்கிறவளாம். ஹட்டனுக்கு வர அட்வான்ஸ் தேவைப்பட்டபோது, லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சீட்டுப் போட்டு, முதல் சீட்டைச் செல்வராணிக்கே கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காசுதான் அட்வான்ஸ். பேக்கரி மூடிய பிறகு இவள் சீட்டுக் கட்டவில்லை. மற்றவர்களுக்குக் குறையக் கூடாது என்று காளியம்மா தன் சம்பளத்திலிருந்து போட்டு நிரப்பி வந்திருக்கிறாள். இப்போது சீட்டு முடியும் நேரம், கடைசிச் சீட்டு காளியம்மாவுடையது.

"அவங்க மகளுக்குச் சடங்கு வச்சாச்சுங்க. சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. நான் கட்டலன்னா அவங்க எப்புடி நிப்பாங்க?"

"நான் என்ன சொன்னேன்? யாருக்கும் தனியாக் குடுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க மிஸ். ஆனா கம்பனிக்காரனுக்குக் கோட்டு இருக்கு. காளியக்காவுக்கு என்னா இருக்கு? நான்தானே இருக்கேன்."

சட்டம் இதை ஒத்துக்கொள்ளாது. கட்ட முடியாது என்று நீதிமன்றத்துக்கு வருகிறவர், தனக்கு வேண்டியவருக்கு மட்டும் முதல் நாள் கொடுத்துவிட்டு வந்தால், அதை ஏமாற்று என்று சொல்ல முடியும். பாதுகாப்பை மறுக்கலாம். கொடுத்த காசைக் காளியம்மாவிடமிருந்து திருப்பிப் பிடுங்கவும் செய்யலாம். இதையெல்லாம் சொன்னபோதுதான் அவள் முகம் வெளிறியது. வெளியே குடையோடு நின்ற முருகையா அப்போதுதான் உள்ளே வந்தார். "நான்தான் மிஸ் குடுத்துருன்னு சொன்னேன். அவ மேல கோபப்படாதீங்க" என்றார்.

நான் போனை எடுத்து ஹனீபா நானாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "மிஸ், வேற யாருக்கும் குடுக்காதீங்கன்னுதானே சொன்னீங்க? அவங்க காச அவங்களுக்கே குடுக்காதீங்கன்னு சொல்லல்லியே" என்றார். அதுவும் சரிதான்.

பக்கத்து அலுவலகத்திலிருந்து கடிதம் கொடுக்க வந்த ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இதுக்குப் போய் ஏன் மிஸ் மண்டயப் போட்டு ஒடைக்கிறீங்க? அட்வான்ஸே இல்லாத வீடுன்னு எழுதுங்க. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். ஐயாவும் மறுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "உண்மய எழுதினா கம்பனி லோயர் நம்மளக் கிழிச்சுத் தொங்க விட்டுருவான்" என்று மட்டும் சொன்னார். ஒரு வரியை அடித்துவிட்டால் மெஷின் தப்பும், வேலை முடியும்.

நான் செல்வராணியைப் பார்த்துக் கேட்டேன். "அட்வான்ஸ் என்ன ஆச்சுன்னு ஜட்ஜ் ஐயா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"சீட்டுக்குக் கட்டிட்டேன்னு சொல்லுவேன்."

"சொல்லக் கூடாதுன்னு நான் சொன்னா?"

ரொம்ப யோசித்தாள். "கேட்டா எப்புடிங்க மிஸ் சொல்லாம இருக்கிறது?"

அவ்வளவுதான். கடதாசியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்தேன். முற்பணத்தைத் திரும்பப் பெற்றதையும், சீட்டுக்குக் கட்டியதையும், ஏன் கட்டினாள் என்பதையும் அவள் சொன்னபடியே எழுதினேன். சீட்டுக்காரர்களின் பெயர்களை மட்டும் அவள் எழுத விடவில்லை. ஐயா முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார். ஒரு ஆளுக்குப் பொய் சொல்ல வராது என்றால் அந்த ஆளுக்குப் பொய்க் கடதாசி தயாரிக்காதீர்கள், அது கூண்டில் வைத்து அவரையே கொன்றுவிடும். பொய் சொல்ல வருகிறவர்களுக்கும் தயாரிக்க வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

விசாரணை அன்று ஐயா சொன்னது அப்படியே நடந்தது. கம்பனியின் சட்டத்தரணி கடதாசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெண் நீதிமன்றத்தை ஏமாற்றப் பார்க்கிறாள், காசு வாங்கியவர்களின் பெயர்களைச் சொல்லட்டும், எல்லாவற்றையும் திருப்பி எடுக்கிறோம் என்று சிங்களத்தில் முழங்கினார். காளியம்மா வேலைக்குப் போகாமல் வந்து, வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். சடங்குக்கு வாங்கிய அரிசியும் சேலையும்கூடத் திரும்பிப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

"பேரு சொல்ல மாட்டேங்க" என்றாள் செல்வராணி. "அவங்க யாரும் கம்பனிகிட்டக் கடன் வாங்கல. என்னைய நம்புனாங்க, அவ்வளவுதான். அவங்க மேல கைய வைக்க விட மாட்டேன்."

இவ்வளவையும் மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொன்னார் தெரியுமா? பெயர் தெரியாதாம்! நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து கத்தியிருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். ஐயாதான் எழுந்தார். "தெரியாது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னார்" என்று திருத்தினார். அது எங்களுக்குப் பாதகமான திருத்தம், ஆனாலும் திருத்தினார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவர்மேல் எனக்கு இருந்த மற்றக் கோபங்களை எல்லாம் விட்டுவிட்டேன்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். வேண்டுமானால் பெயர்களைத் தானே தரத் தயார், சீட்டுப் பெண்கள் எல்லோரையும் சாட்சிக்கு அழைக்கவும் தயார் என்றார். அதோடு வசூல்காரரையும் கூண்டில் ஏற்ற வேண்டும், எந்த உரிமையில் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தார், இருந்த கடன்கள் தெரிந்தும் மேலே மேலே கடன் கொடுக்க யார் முடிவெடுத்தார்கள், கடன் ஆவணம் ஏன் இந்தப் பெண்ணுக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது, எல்லாவற்றையும் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்றார். கம்பனிச் சட்டத்தரணி திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்த அவர்களுடைய ஆள் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பெயர்களை அவர்கள் வற்புறுத்தவில்லையாம்! ஏழைப் பெண்ணின் சீட்டுக் காசைப் பிடுங்க வந்தவர்களுக்குத் தங்கள் கணக்கை வெளியில் சொல்ல மட்டும் வெட்கம்.

நீதிபதி செல்வராணியைக் கடுமையாகக் கண்டித்தார், மறுபடி இப்படிச் செய்தால் பாதுகாப்புப் போய்விடும் என்றார். கண்டித்துவிட்டு மனுவை ஏற்றுக்கொண்டார். மெஷின் அவளுடைய தொழிலுக்கு வேண்டியது என்று அவளிடமே விட்டார். இனி வசூலுக்கு வீடு தேடிப் போகக் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

வென்றுவிட்டோமா? எங்கே வென்றோம்! மாசக் கடைசி வந்துகொண்டிருந்தது. ஹனீபா நானாவுக்கும் கூரைத் தகடு மாற்ற வேண்டியிருந்தது. புது அட்வான்ஸ் தர ஒருவர் தயாராக இருந்தார். "நீங்க கொண்டு வந்தா ஒங்களுக்குத்தான். மாசக் கடைசி வரைக்கும் அவரக் காக்க வைக்கிறேன்" என்று நானா சொன்னார், அதுவே அவரால் முடிந்தது. நானும் செல்வராணியும் ஹட்டன் முழுக்க அறை தேடி அலைந்தோம். எல்லா இடத்திலும் அட்வான்ஸ் கேட்டார்கள். இரண்டு இடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், பெயருக்குப் பெரிய மனிதர், வாசலில் நின்றபடி, "கோட்டுக்குப் போய்க் கடனக் கட்ட மாட்டேன்னு சொன்னவங்களுக்கு நம்பி எப்புடி வீடு குடுக்கிறது?" என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டார். எனக்கு வந்த வார்த்தைகளை உங்கள் முன்னால் சொல்ல முடியாது, அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மகளைத் தோட்டத்துக்கே கூட்டிப் போய்விடலாம் என்று முருகையா சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தார். அங்கிருந்து பரீட்சை நாளில் பஸ் பிடித்து வருவதை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பை விட முடியாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் காளியம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மகளின் சடங்கு நல்லபடி முடிந்ததாம். ஒரு சந்தேகம் கேட்க வந்தாளாம்.

"மிஸ், புதுசா ஒரு சீட்டுப் போட்டிருக்கோம். முதல் சீட்டச் செல்வராணிக்குக் குடுக்கலாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துரட்டும், பிள்ள பரீட்ச எழுதிரும். அப்புடிக் குடுத்தா கோட்டுல அவளுக்குப் பிரச்சின வருமா?"

பிறகு ஐயாவைக் கேட்டு, அதையும் நீதிமன்றத்துக்கு ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தோம், அது வேறு விஷயம். அந்த நேரத்தில் நான் கேட்டது ஒன்றுதான்.

"ஒங்களுக்கெல்லாம் பைத்தியமா? அவ கட்ட வகையில்லாதவன்னு கோட்டே எழுதி முத்திர குத்திருச்சு. எந்தக் கம்பனியும் இனி அவளுக்கு ஒரு சதம் குடுக்காது. அவளுக்கா முதல் சீட்டு?"

காளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு காலம் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"இருக்கிற கூரைய வித்து எங்களுக்குக் கட்டுனவ மிஸ் அவ. வேற யாரை நம்பிக் குடுக்கச் சொல்றீங்க?"